ஐந்து சட்டைகளுக்கு ஒரு சான்றிதழ்

அடுக்குமாடிக் குடியிருப்பைப் பெருக்கும் இருளாயிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஐந்தாண்டுகள் ஒரே முதலாளியிடம் விசுவாசமாக உழைத்ததற்குச் சான்றிதழ் தராவிட்டால் வேலையில்லை என்று குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் அறிவித்தார் செயலாளர் சபேசன்.

"வருஷத்துக்கு ஒரு கம்பெனி மாறியிருக்கே. உன்னை எப்படி நம்புறது?"

"நான் எங்கேயும் போகலையே, ஐயா. இதே மாடிப்படியைத்தான் பெருக்குறேன். வருஷா வருஷம் வேற கம்பெனிச் சட்டையைக் குடுத்துப் போட்டுக்கச் சொன்னாங்க."

"யார் சொன்னது?"

"நீங்கதான். காண்ட்ராக்ட் கம்பெனியை மாத்தினது நீங்கதானே?"

சபேசன் தடுமாறினார். "அப்போ அஞ்சு வருஷமும் உன்கிட்ட வேலை வாங்கினது யாரு?"

"எனக்கும் அதுதான் குழப்பமா இருந்துச்சு, ஐயா. நீங்க கேட்டதும் தெளிஞ்சுடுச்சு. சான்றிதழை நீங்களே எழுதுங்க."

குடித்தனக்காரர்கள் சிரித்தார்கள். சபேசன் இருளாயியின் விசுவாசத்துக்குச் சான்றெழுதிக் கையொப்பமிட்டு, அதைத் தாமே பெற்றுக்கொண்டு, அவளை வேலையில் தொடரச் சொன்னார்.