அமைதிக் கரையின் காவல்காரன்

காட்டுக்குள் ஒரு குளம் இருந்தது. அதன் கிழக்குக் கரையில் நல்ல புல்லும் நிழலும் நாணல் புதர்களும் இருந்தன. மேற்குக் கரையில் வெறும் பாறை. மேலே கழுகு வட்டமிடும். அதனால் எல்லாரும் கிழக்குக் கரையிலேயே நெருக்கியடித்துக்கொண்டு குடியிருந்தார்கள்.

சாம்பி என்ற முயல் அங்கே ஒரு புதரில் மூன்று குட்டிகளோடு இருந்தாள். அடுத்த புதரில் பொட்டி என்ற கினிக்கோழி. ஏதோ ஒரு பண்ணையிலிருந்து தப்பி வந்தவள். அவள் வாய் சும்மா இருக்காது. இலை விழுந்தால் கத்துவாள். மேகம் போனால் கத்துவாள். ஒன்றும் இல்லையென்றால், ஏன் ஒன்றும் இல்லை என்று கத்துவாள்.

"பொட்டி அக்கா, குட்டிங்க இப்பத்தான் கண் அசந்துச்சு! கொஞ்சம் வாயை மூடக் கூடாதா?"

"புல்லுக்குள்ள எதுவோ அசைஞ்சுதுடி!"

"தவளைக்கா! வெறும் தவளை!"

"இன்னிக்குத் தவளை!" என்றாள் பொட்டி. மறுபடியும் கத்தினாள்.

சாம்பிக்குப் பொறுமை போயிற்று. நேராகக் குடியிருப்போர் சங்கத் தலைவரிடம் போனாள். தலைவர் ஒரு முள்ளம்பன்றி. அவர் உடனே நாவல் மரத்தடியில் கூட்டம் போட்டார்.

"இனிமேல் இது அமைதிக் கரை!" என்று அறிவித்தார். "இங்கே யாரும் சத்தம் போடக் கூடாது. போட்டால் மேற்குப் பாறைக்குப் போய்விட வேண்டும். விதி எல்லாருக்கும் ஒன்றுதான்!"

"தலைவரே, மேகம் கறுத்தா எனக்குத் தானாக் கூவ வருமே?" என்றாள் கௌதாரி.

"கழுத்தை இறக்கைக்குள்ள வச்சுக்கிட்டுக் கூவு!"

எல்லாரும் சிரித்தார்கள். பொட்டி மட்டும் சிரிக்கவில்லை. அன்றே ஓர் இலை விழுந்ததற்குக் கத்தினாள்; அவளைப் பாறைக்கு அனுப்பிவிட்டார்கள். போகும்போது திரும்பி சாம்பியை ஒரு பார்வை பார்த்தாள். சாம்பி குனிந்து புல்லைக் கடித்தாள்.

விதியைக் கண்காணிக்க ஒருவர் வேண்டுமே! அண்மையில் ஒரு காட்டுப்பூனை அங்கே குடிவந்திருந்தது. அது வந்ததே யாருக்கும் தெரியவில்லை.

"என்ன அடக்கம்! நடந்தால்கூடச் சத்தம் வருவதில்லை!" என்று தலைவர் மெச்சினார். காவல் வேலையை அதற்கே கொடுத்தார்.

அது முதல் பூனை சாயங்காலந்தோறும் ஒவ்வொரு புதராக வந்து நின்று காது கொடுத்துக் கேட்டது.

"சாம்பி, எத்தனை குட்டி? எந்தப் பக்கம் படுக்குதுங்க?"

"அது எதுக்கு?"

"தெரிஞ்சாத்தானே எந்தச் சத்தம் யாரோடதுன்னு சொல்ல முடியும்?"

அது சாம்பிக்குச் சரியாகத்தான் பட்டது. சொன்னாள். பூனையின் மூச்சில் பச்சை இறைச்சி நாறியது. அவள் காதுகள் தாமாகவே நடுங்கின. ஆனாலும் சங்கம் வைத்த ஆள் ஆயிற்றே என்று பேசாமல் இருந்தாள்.

சில நாள் நல்ல அமைதி. குட்டிகள் நன்றாகத் தூங்கின. சாம்பியும் தூங்கினாள். பிறகு ஒரு நாள் குளத்தோரம் கௌதாரியைப் பார்த்தாள். அவள் பின்னால் வந்த குஞ்சுகளில் ஒன்றைக் காணவில்லை.

"என்னடி, கடைக்குட்டி எங்கே?"

"மெல்லப் பேசு!" என்று கௌதாரி நாலாபக்கமும் பார்த்தாள். "கண் எதிர்லயே தூக்கிட்டுப் போயிடுச்சு."

"ஐயோ! நீ கத்தலையா?"

"கத்தினா பாறைக்கு விரட்டிடுவாங்களே! அங்கே மிச்சக் குஞ்சுகளைக் கழுகு விட்டுவைக்குமா?"

அழுகையைக்கூட அவள் சத்தமில்லாமல் அழுதாள்.

"யாருன்னு பார்த்தியா?"

கௌதாரி பூனை வரும் பாதையை மட்டும் ஒருமுறை பார்த்தாள். பிறகு குஞ்சுகளை ஓட்டிக்கொண்டு ஓடிவிட்டாள்.

நாலு புதர் தள்ளி ஒரு குஞ்சு போயிருக்கிறது. சாம்பியின் காதில் ஒன்றுமே விழவில்லையே!

மறுநாள் சாயங்காலம் குட்டிகள் மூன்றையும் வயிற்றுக்கு அடியில் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். நாணல் அசையவில்லை. சருகு நொறுங்கவில்லை. ஆனால் இரண்டு மஞ்சள் கண்கள் வந்து நின்றன.

"குட்டிங்க தூங்குதா, சாம்பி?"

சாம்பி வாயைத் திறந்தாள்.

"கத்திடாதே!" என்றது பூனை மெதுவாக. "கத்தினா வீடு போயிடும். இந்த விதியைக் கேட்டு வாங்கினதே நீதானே?"

புல், நிழல், பாறை, கழுகு எல்லாம் அவள் மனதில் ஓடின. ஒரு நொடிதான் யோசித்தாள். அது பூனைக்குப் போதும். ஒரு குட்டி அதன் வாயில் இருந்தது. இன்னொன்றின் மேல் காலை வைத்திருந்தது.

சாம்பி அலறினாள்!

ஒருவரும் வரவில்லை. அக்கம்பக்கத்தில் எல்லாரும் இன்னும் உள்ளே நகர்ந்துகொண்டார்கள். தலைவர் மட்டும் வளைக்குள்ளிருந்து குரல் கொடுத்தார்.

"யாரது சத்தம் போடுறது?"

"பூனை! என் குட்டியைப் பிடிச்சிடுச்சு!"

"எதுவா இருந்தாலும் காலையில சங்கத்துல பேசிக்கலாம்!"

எதிர்க் கரையிலிருந்து ஒரே ஒரு குரல் கேட்டது. பொட்டி! தொண்டை கிழியக் கத்திக்கொண்டே தண்ணீருக்கு மேலாகப் பறந்து வந்து புதரின் மேல் விழுந்தாள். பூனை திடுக்கிட்டு, வைத்த காலை எடுத்துக்கொண்டு பாய்ந்து மறைந்தது. வாயில் இருந்ததை மட்டும் விடவில்லை.

காலையில் கூட்டம் கூடியது.

"சத்தம் கேட்டு விசாரிக்கப் போனேன். வேறு ஒன்றும் தெரியாது," என்றது பூனை. அதன் மீசையில் சாம்பல் நிற முயல் மயிர் ஒட்டியிருந்தது.

"பொய்! நான் என் கண்ணால பார்த்தேன்!" என்று பொட்டி கத்தினாள்.

"பாருங்கள், இங்கேயும் கத்துகிறாள்!" என்றார் தலைவர். "சாம்பி, விதி விதிதான். பாறைக்குப் புறப்படு!"

சாம்பி இரண்டு குட்டிகளையும் கூட்டிக்கொண்டு நடந்தாள். பாறைக்குப் போனதும் பொட்டியின் முன்னால் நின்றாள்.

"உன்னை விரட்டினது நான்தான், அக்கா."

"தெரியும். சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்," என்றாள் பொட்டி. பிறகு பாறையின் உச்சியில் ஏறி நின்றாள். "குட்டிங்களை அந்த இடுக்குல விடு. கழுகு தலை காட்டினா நான் சொல்றேன்."

கிழக்குக் கரையில் இப்போது அமைதிக்குக் குறைவே இல்லை. பூனை தினமும் சுற்றி வருகிறது. புதர்கள் ஒவ்வொன்றாகக் காலியாகின்றன. தலைவருக்கு மட்டும் பயம் கிடையாது. அவர் உடம்பில் முள் இருக்கிறது!

அடுத்த வீட்டுச் சத்தம் பொறுக்காமல் ஊர் வாயைக் கட்டச் சொல்கிறவர், தம் வீட்டில் ஆபத்து நுழையும்போது உதவிக்கு ஒரு குரலும் இல்லாமல் நிற்பார்.