அம்பதுல நின்ன முள்ளு

பனிமலர்னு ஒரு விசைப்படகு. அதுல போன மூணு பேரும் மூளையைக் கரையில வச்சுட்டுத்தான் கடலுக்குப் போவாங்கன்னு தூத்துக்குடி துறைமுகத்துல ஒரு பேச்சு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நடந்ததைச் சொல்லுதேன், நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

போட்டை ஓட்டுற டிரைவர் பேரு கஸ்பார். போன தடவை அவரு கொண்டாந்த எறா மொத்தமும் கெட்டுப்போச்சு. முதலாளி ரொசாரியோ அண்ணாச்சி கறாராச் சொல்லிட்டாரு. "இந்தத் தடவையும் மீன் நாறுச்சுன்னா போட்டுப் பக்கமே வராதேயும். உம்ம மச்சான் கொட்டகையில போய் எறா உரியும்."

மச்சான் கொட்டகைன்னாலே கஸ்பாருக்கு ஆகாது. பொண்டாட்டியோட தம்பிகிட்டப் போயி கைகட்டி நிக்கிறதா? அதுக்குக் கடல்லயே குதிச்சிறலாம்னு சொல்லுவாரு.

அந்தோணியார் புண்ணியத்துல நாலு டன் சூரை மீன் கிடைச்சுது. ஃபிரீசரை ரொப்பிட்டுத் திரும்பினாங்க. கரைக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கையில ஃபிரீசர் ஒரு உறுமல் உறுமிட்டு நின்னுருச்சு. விளக்கெல்லாம் மங்கிப்போச்சு. ஜெனரேட்டர் ஓடத்தான் செய்யுது, ஆனா மத்தியானச் சோறு தின்னவன் மாதிரி ஓடுது.

கஸ்பார் வயர்லெஸ்ல கரையில இருந்த மெக்கானிக் சந்தனராஜைப் பிடிச்சாரு.

"ஹெர்ட்ஸ் மீட்டர்ல முள்ளு எங்க நிக்குது?"

"நாப்பத்தாறுல."

"அம்பதுல நிக்கணும். இன்ஜின் வேகம் பத்தலை. முதல்ல ஃபிரீசர் சுவிட்சை அணையும். மெஷின்ல வேகத்தைக் கூட்டிக் குறைக்கக் கவர்னர் ஸ்க்ரூ இருக்கும், மீட்டரைப் பாத்துக்கிட்டே மெதுவாத் திருப்பணும். பெறவு வோல்ட் குமிழைத் திருப்பி நானூத்திப் பதினஞ்சுல வையும். ரப்பர் செருப்பு போட்டுக்கிடணும். முள்ளு அம்பதுல அசையாம நின்னாத்தான் ஃபிரீசரைப் போடணும். கேட்டீரா?"

கேட்டாங்க. அதுதான் வினை.

மீட்டர் இருக்கிறது மேல, சுக்கான் அறையில. ஸ்க்ரூ இருக்கிறது கீழ, மெஷின் அறையில. ஒருத்தன் மேல நின்னு சொல்ல, ஒருத்தன் கீழ திருப்பினா வேலை முடிஞ்சுது. ஆனா மெஷின் பாக்கிற லிகோரி ஒத்துக்கிடல.

"பாத்துக்கிட்டே திருப்பணும்னாரு. கேட்டுக்கிட்டே திருப்பச் சொல்லலையே?"

"ஞாயந்தான்," அப்படின்னாரு கஸ்பார்.

சமையல் பாக்கிற இன்னாசி சவரக் கண்ணாடியைக் கொண்டுவந்தான். அதை ஏணி உச்சியில கட்டித் தொங்கவிட்டு, கீழ இருந்து லிகோரி மீட்டரைப் பாத்துக்கிட்டே ஸ்க்ரூவைத் திருப்பினான். கண்ணாடியிலதான் இடம் வலமாகுமே! முள்ளு ஏற ஏற அவனுக்கு இறங்குற மாதிரித் தெரிஞ்சுது. ஐயையோன்னு மறுபக்கம் திருப்பினான். நாப்பத்தி மூணுக்கு வந்துட்டு. விளக்கு கண்ணை மூடப் பாத்துது.

மூணு பேரும் உக்காந்து யோசிச்சாங்க. கடைசியில இன்னாசிதான் வழி சொன்னான். "லிகோரி, நீ இறக்கணும்னு நெனச்சுக்கிட்டுத் திருப்பு."

அவன் இறக்கணும்னு நெனச்சான், முள்ளு ஏறி அம்பதுல நின்னுது. இவனுக அறிவுக்கு இப்படித்தான் கைகூடும்.

அடுத்தது வோல்ட். இருந்தது ஒரே ஜோடி ரப்பர் செருப்பு. டார்ச் அடிக்க ஒருத்தன், குமிழைத் திருப்ப ஒருத்தன். ஆளுக்கொரு செருப்பு மாட்டிக்கிட்டு, ஆடுற போட்டுல ஆளுக்கொரு கால்ல நொண்டிக்கிட்டே நானூத்திப் பதினஞ்சுல வச்சுட்டாங்க. கஸ்பார் சிலுவை போட்டுக்கிட்டு ஃபிரீசர் சுவிட்சைத் தட்டினாரு.

ஃபிரீசர் ஓடுச்சு. முள்ளு நாப்பத்தொம்பதுக்கு இறங்கிருச்சு.

"அணையும் டிரைவரே, அணையும்!" லிகோரி கத்தினான்.

அணைச்சாரு. முள்ளு அம்பது. போட்டாரு. நாப்பத்தொம்பது. அணைச்சாரு. அம்பது.

"ஃபிரீசர்தான் முள்ளைக் கெடுக்குது," அப்படின்னான் லிகோரி. "இத்தனை நாளும் நம்ம கூடவே இருந்து நமக்கே குழி பறிச்சிருக்கு பாரும்."

இன்னாசி உத்துப் பாத்தான். "ஃபிரீசர் மட்டும் இல்ல. அடுப்படி விளக்கைப் போட்டாலும் ஒரு மயிரிழை அசையுது."

விளக்கை அணைச்சாங்க. காத்தாடியை அணைச்சாங்க. கஸ்பாருக்கு மட்டும் ஒரு சந்தேகம், வயர்லெஸ்ல மறுபடி சந்தனராஜைக் கூப்பிட்டாரு.

"ஃபிரீசரைப் போட்டா முள்ளு ஒண்ணு இறங்குதே ஓய்?"

"அட, அது ஒண்ணுமில்லவே! பாரம் ஏறினா கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். நீரு என்ன செய்யணும்னா..."

அதோட சத்தம் நின்னுட்டு. இன்னாசி வயர்லெஸையும் அணைச்சிருந்தான்.

"அதுவும் அசைக்குது டிரைவரே."

இப்ப முள்ளு ஆணி அடிச்ச மாதிரி அம்பதுல நின்னுது. ஜெனரேட்டர் யாருக்குமில்லாம, எதுக்குமில்லாம, டீசலைக் குடிச்சுக்கிட்டு அருமையா ஓடுச்சு. ஆள் மாத்தி ஆள் மீட்டருக்குக் காவல் இருந்தாங்க. ரெண்டாவது நாள் காலையில லிகோரி மூக்கைப் பொத்திக்கிட்டு வந்தான்.

"டிரைவரே, மீன் நாறுது."

கஸ்பாருக்கு மச்சான் மூஞ்சி கண்ணு முன்னால வந்துட்டு. "முள்ளு எங்க நிக்குது?"

"அம்பதுல."

"அப்ப நாறாது," அப்படின்னாரு கஸ்பார். உயிர் திரும்பி வந்துட்டு அவருக்கு.

துறைமுகத்துக்குள்ள போட்டு வரதுக்கு முன்னாலயே வாடை வந்து சேந்துருச்சு. ஐஸ் உடைக்கிறவன் சுத்தியலைப் போட்டுட்டு ஓடிட்டான். ரொசாரியோ அண்ணாச்சி துண்டால மூக்கைக் கட்டிக்கிட்டு ஏறினாரு. கஸ்பார் அவரு கையைப் பிடிச்சு நேரா மீட்டர் முன்னால கொண்டுபோய் நிறுத்தினாரு.

"பாரும் அண்ணாச்சி! ரெண்டு நாளு. ஒரு அசைவு கிடையாது!"

அண்ணாச்சி முள்ளைப் பாத்தாரு. கஸ்பாரைப் பாத்தாரு. வாயில வந்ததையெல்லாம் சொன்னாரு, அதை நான் இங்க எழுத முடியாது. கடைசியில சொன்னது மட்டும் இது: "நாளைக்கே போய் எறா உரியும்!"

மறுநாள் காலையில கஸ்பார் மச்சான் கொட்டகையில, பொம்பளைங்க வரிசையில கடைசியா, தலையைக் குனிஞ்சு உக்காந்தாரு. மச்சான் குளிர் ரூம்ல இருந்து ஒரு கூடை எறாவைக் கொண்டாந்து முன்னால தட்டிட்டு, ஒரு சிரிப்பும் சிரிச்சுட்டு, டீ குடிக்கப் போனான். அவமானத்துல கஸ்பாருக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. கண்ணைத் துடைக்கத் தலையைத் தூக்கினாரு.

எதிர்ச் சுவத்துல அதே மாதிரி ஒரு ஹெர்ட்ஸ் மீட்டர். முள்ளு நாப்பத்தொம்பதுல நின்னுது.

கஸ்பார் கையில இருந்த எறாவைக் கீழ வச்சாரு. வேட்டியில கையைத் துடைச்சுக்கிட்டு எந்திரிச்சு, பக்கத்துல இருந்த அம்மாகிட்ட மரியாதையாக் கேட்டாரு.

"குளிர் ரூம் சுவிட்சு எந்தப் பக்கம் தாயீ?"