கழுதை பார்த்த சகுனம்

காட்டோரக் குளம் ஒன்று சித்திரை வெயிலில் வற்றிக்கொண்டே வந்தது. ஒரு தவளையின் பிள்ளைகள் அதில்தான் நீந்திக்கொண்டிருந்தன. இன்னும் கால்கூட முளைக்காத தலைப்பிரட்டைகள். தண்ணீர் போனால் அவற்றின் உயிரும் போய்விடும். 

தாய்த் தவளை தன் சிநேகிதர்களான கழுதையையும் பூனையையும் கூப்பிட்டு அழுதது. "ரெண்டு மலை தாண்டி ஆத்தங்கரையில ஒரு பூங்கா இருக்காம். கோடையிலயும் தண்ணி ஓடுமாம். என் பிள்ளைங்களை அங்க சேர்த்துடணும்."

"இவ்வளவுதானே? குடத்துல விட்டு என் முதுகுல கட்டுங்க, நான் சுமக்கிறேன்" என்றது கழுதை. "ஆனா ஒண்ணு. சகுனம் பார்க்காம நான் எங்கேயும் கிளம்ப மாட்டேன்."

மறுநாள் காலையில் தலைப்பிரட்டைகளைக் குடத்தில் விட்டு, கழுதையின் முதுகில் கட்டியாயிற்று. தூங்கி எழுந்து தாமதமாக வந்த பூனை, பாதையைத் தாண்டி ஓடி வந்தது.

"போச்சு! பூனை குறுக்கே வந்துடுச்சு!" என்றது கழுதை.

"அட, நானும் உங்களோட வர்றவதானே?"

"கூட வர்றது வேற. குறுக்கே வர்றது வேற. திரும்பிப் போய் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுத்தான் மறுபடி கிளம்பணும்."

கழுதைக்கு ஒரு வாய் என்றால் சும்மாவா? குளத்தில் வாய் வைத்ததும் அரைக் குடம் தண்ணீர் உள்ளே போனது.

அடுத்த முறை நாலடி வைப்பதற்குள் மரத்திலிருந்த காக்கை, "எங்கே கிளம்பிட்டீங்க?" என்று கேட்டுத் தொலைத்தது. போகும்போது எங்கே என்று கேட்கலாமா? மூன்றும் திரும்பின. கழுதை ஒரு வாய் குடித்தது.

அதற்கப்புறம் பல்லி கத்தியது. மறுபடியும் ஒரு வாய். பிறகு பூனை ஒற்றைத் தும்மல் போட்டது.

"இன்னொண்ணு தும்மிடு, சரியாப் போயிடும்" என்று கெஞ்சியது கழுதை.

"வந்தாத்தானே தும்ம முடியும்?" என்றது பூனை. அதற்கும் ஒரு வாய்.

இப்படியே நாள்கள் போயின. குளம் குட்டையாகி, குட்டை சேறாகிக்கொண்டிருந்தது. தவளைக்குப் பொறுக்கவில்லை. "பாவி! வெயில் குடிச்சதைவிட நீ குடிச்சதுதான் அதிகம்!" என்று கத்தியது.

கழுதைக்கு ரோஷம் வந்துவிட்டது. உடம்பைச் சிலிர்த்துத் திரும்பியது. முதுகிலிருந்த குடம் விழுந்து உடைந்தது. தலைப்பிரட்டைகள் கடைசியாக மிஞ்சியிருந்த குழித் தண்ணீரில் போய் விழுந்து துடித்தன.

"குடமே உடைஞ்சிடுச்சே! இதைவிடப் பெரிய அபசகுனம் உண்டா?" என்ற கழுதை, பழக்க தோஷத்தில் குனிந்து அந்தக் குழியை ஒரே உறிஞ்சாக உறிஞ்சிவிட்டது. தண்ணீரோடு பிள்ளைகளும் வாய்க்குள் போய்விட்டன.

"விழுங்கிடாதே!" என்று அலறியது தவளை.

கழுதை கன்னம் உப்ப அப்படியே நின்றது. துப்பினால் சேற்றில் செத்துப்போகும். விழுங்கினால் கேட்கவே வேண்டாம்.

"வாயை மூடிக்கிட்டு நட!" என்றது பூனை.

கழுதை நடந்தது. தவளை அதன் முதுகில் உட்கார்ந்து, "விழுங்கிடாதே, விழுங்கிடாதே" என்று வழியெல்லாம் புலம்பியது. பூனை இஷ்டத்துக்குக் குறுக்கும் நெடுக்கும் ஓடியது. பல்லிகள் கத்தின. எதிரே வந்த நரியொன்று, "எங்கே எல்லாரும் கிளம்பிட்டீங்க?" என்று கேட்டது. கழுதையின் கண்ணில் நீர் முட்டியது. என்ன செய்ய, வாயைத் திறக்க வழியில்லையே!

பொழுது சாயும் முன்பே பூங்கா வந்துவிட்டது. கழுதை ஆற்றில் முகத்தை அமிழ்த்தி வாயைத் திறந்தது. தலைப்பிரட்டைகள் துள்ளிக்கொண்டு வெளியே நீந்தின. தாய்த் தவளை தண்ணீரில் குதித்து, அழுதுகொண்டே ஒவ்வொரு பிள்ளையாகத் தொட்டுப் பார்த்தது.

கழுதை பெருமூச்சு விட்டது. "வழியில எத்தனை அபசகுனம்! நான் அப்பவே சொல்லணும்னு நினைச்சேன், நாம இங்க வந்து சேரவே மாட்டோம்" என்றது, முழங்கால் ஆழத் தண்ணீரில் நின்றபடி.

உயிர் போகிற அவசரத்தில் சகுனம் பார்த்து நிற்பவன், தானே அந்தக் காரியத்துக்குத் தடையாகிவிடுகிறான்.