மூன்று கைப்பிடிகள்

காயலான் கடை ஜொஹராவுக்குச் சீடர் என்று ஒருவர்தான் உண்டு. குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு அறுபத்திரண்டு.

சீடர் பெயர் தில்லைநாயகம். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். ஊரே அவரை சார் என்று கூப்பிடும். அவரோ ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட ஜொஹராவை டீச்சர் என்று கூப்பிடுவார்.

ஊருக்கு வெளியே, இரண்டாம் உலகப்போர் காலத்து விமானத் தளம் ஒன்று முள்காடாகக் கிடந்தது. அந்தப் பக்கம் உழும்போதும் கிணறு வெட்டும்போதும் பட்டாளத்துப் பெட்ரோல் கேன்கள் அகப்படும். எல்லாம் ஜொஹராவின் கடைக்குத்தான் வந்து சேரும். மற்ற இரும்பை எடைக்குப் போட்டுவிடுவாள். கேனை மட்டும் போடமாட்டாள். தட்டிப் பார்த்தே எந்த நாட்டுப் பட்டாளத்துக் கேன் என்று சொல்லிவிடுவாள். அதில் சொக்கிப்போய்த்தான் தில்லைநாயகம் அவளிடம் வந்தார்.

இரண்டே வருடத்தில் அவர் வீட்டில் பத்தொன்பது கேன் சேர்ந்தது. கட்டிலுக்கு அடியில் ஆறு. பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் நாலு. உயரம், அகலம், தகட்டின் கனம், மூடியின் வாய், அடியில் குத்தியிருக்கும் வருடம், எல்லாம் நோட்டில் ஏறிவிட்டது. ஒரு சங்கதி மட்டும் பிடிபடவில்லை.

அன்று காலையிலேயே நோட்டும் கையுமாகக் கடைக்கு வந்துவிட்டார்.

"டீச்சர், ஒரு சந்தேகம்."

"கேளுங்க சார்."

"கேன் மேல வரிசையா மூணு கைப்பிடி இருக்கு. தூக்குறதுக்கு நடுவுல உள்ளது ஒண்ணு போதுமே. பக்கத்துக்கு ஒண்ணா இன்னும் ரெண்டு எதுக்கு? சண்டைக் காலத்துல இரும்பை இப்படியா வீணடிப்பான்?"

ஜொஹரா ஒயரிலிருந்து செம்புக் கம்பியை உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள்.

"முகம் ஏன் சார் வாடிக் கிடக்கு?"

"அது வீட்டு விஷயம்."

"சொல்லுங்க."

"கோகிலம் ஒன்பதே கால் பஸ்ஸுக்கு மக வீட்டுக்குப் போறா. கேன் இருக்கிற வீட்டுக்கு இனிமே வரமாட்டாளாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்றது? நோட்டை எடுத்துக்கிட்டு இங்க வந்துட்டேன்."

ஜொஹரா எழுந்துபோய் அடுக்கிலிருந்து ஒரு கேனை எடுத்து வந்தாள்.

"இது பட்டாளத்தோட தண்ணிக் கேன். பெட்ரோல் படாதது. பஸ் ஸ்டாண்டு குழாய்ல ரொப்பிக்கிட்டு வாங்க."

"கேன்ல தண்ணியா? துருப்பிடிக்குமே டீச்சர்."

"தண்ணிக் கேன் சார் இது."

"சரி, என் கேள்விக்குப் பதில்?"

"கடையில ஒரு சொட்டுத் தண்ணி இல்லை சார்."

குரு சொன்னால் மறுபேச்சு கிடையாது. தில்லைநாயகம் போனார்.

இருபது லிட்டர் தண்ணீர் என்றால் இருபது கிலோ என்பது அவர் பிள்ளைகளுக்கு நடத்திய பாடம். அன்றைக்குத்தான் அவருடைய தோள் அதைப் படித்தது. நடுப்பிடியைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து சாய்ந்து நடந்தார்.

"என்ன சார், பெட்ரோல் பதுக்குறீங்களா?" என்றார் டீக்கடை அருளப்பன். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

பஸ் நிற்கிற இடத்தில் கோகிலம் பையோடு உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்க்காதவர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு தாண்டினார். பத்து அடி நடந்து கேனை இறக்கினார். அப்புறம் எட்டு அடி. அப்புறம் ஆறு. அடுத்து எத்தனை என்று அவருக்கே தெரிந்துபோனது.

"ஏங்க." பின்னால் கோகிலத்தின் குரல். "குடலிறக்க ஆபரேஷன் பண்ணி ஒரு வருஷம்தான் ஆகுது. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"தள்ளுங்க."

பையை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு வலக்கையால் தன் பக்கம் இருந்த ஓரப்பிடியைப் பிடித்தாள். அவர் நடுப்பிடியை விடவில்லை. தூக்கியதும் கேன் கோணலாகிக் காலில் இடித்தது.

"நடுவை விடுங்க. அந்த ஓரத்தைப் பிடிங்க."

பிடித்தார். கேன் பூப்போல எழும்பியது. தில்லைநாயகம் அப்படியே நின்றுவிட்டார்.

"நடங்க. என்னத்தப் பாக்குறீங்க?"

"கோகிலம், இது ரெண்டு பேருக்குன்னு செஞ்சது."

"எனக்கு எப்படித் தெரியும்? பெருக்குறப்ப விளக்குமாறு இடிக்கும். அது மட்டும்தான் தெரியும்."

கேனை இறக்காமலே கொஞ்ச தூரம் நடந்தார்கள்.

"கட்டிலுக்கு அடியில இருக்கிறதை எடுத்துடுறேன்," என்றார்.

"பூஜை அலமாரி?"

"அதையும்."

"உங்க பேச்சை எப்படி நம்புறது?"

"மத்தியானமே எடுத்துடுறேன். நீ போயிட்டா யாரு பாக்கப்போறா? அதனால இரு."

கோகிலம் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பின்னாலிருந்து ஒன்பதே கால் பஸ் வந்தது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு அவளையும் பையையும் பார்த்தார். விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"பஸ்ஸு," என்றார் தில்லைநாயகம், மெதுவாக.

"ஒரு கையில பை, ஒரு கையில கேன். எந்தக் கையைக் காட்டி நிறுத்துறது? நடங்க."

பஸ் போய்விட்டது.

கடைக்கு வந்து கேனை இறக்கியதும் தில்லைநாயகம் நோட்டைப் பிரித்தார். முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது.

"விடை கிடைச்சுடுச்சு டீச்சர். கண்டுபிடிச்சது கோகிலம்."

"வாங்கக்கா, உட்காருங்க," என்று ஜொஹரா கோகிலத்துக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"ஓரப்பிடி ரெண்டும் ஆளுக்கு ஒண்ணு. ரெண்டு பேர் தூக்கினா கனமே தெரியலை." நோட்டில் வேகமாக எழுதிக்கொண்டே சொன்னார். "இப்பப் பாத்தா நடுப்பிடிதான் டீச்சர் தெண்டம். அதை அறுத்தே போட்டுடலாம்."

ஜொஹரா கேனைச் சாய்த்து ஒரு செம்பில் தண்ணீர் பிடித்தாள். முதலில் கோகிலத்துக்குக் கொடுத்தாள். அவள் குடித்து முடிக்கிறவரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அறுத்துடாதீங்க சார். ரெண்டு பேர்ல ஒருத்தர் மட்டும் இருக்கிற நாளுக்கு அது வேணும்."

தில்லைநாயகம் பேனாவை மூடினார்.