ஏழாவது வங்கியின் முத்திரை

இந்தக் கதை உப்பளக் கரையில் ஒருவிதமாகவும் மலையடிவாரத்தில் வேறுவிதமாகவும் வழங்குகிறது. மலையடிவாரத்தார் ஆசானுக்குப் பார்வை இல்லை என்பர். உப்பளக் கரையார் அவருக்குப் பார்வை உண்டு, பேச்சுத்தான் குறைவு என்பர். சீடர் மட்டும் இரண்டிலும் ஒருவரே: நெடுந்துறை நாட்டு அரசின் வங்கித் தணிக்கையாளர் கூத்தரசர். இங்கே தருவது உப்பளக் கரை வடிவம்.

அந்நாட்டில் வங்கிகள் ஏழு. ஒவ்வொன்றும் தன் பெயரில் நோட்டு அச்சிட்டது. நோட்டை நீட்டுகிறவருக்கு அதற்குரிய வெள்ளியை வங்கி தர வேண்டும். வெளியே உலவும் நோட்டில் மூன்றில் ஒரு பங்குக்காவது பெட்டகத்தில் வெள்ளி இருக்க வேண்டும். சட்டம் அவ்வளவுதான். ஆண்டுக்கு ஒருமுறை தணிக்கையாளர் வந்து வெள்ளியை நிறுத்துப் பார்த்து, சான்றிதழில் அரசு முத்திரை வைப்பார். அது வங்கி வாசலில் தொங்கும். மக்கள் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, நோட்டை மடித்து முடிந்துகொண்டு போவார்கள்.

ஒவ்வொரு பெட்டகத்துக்கும் சாவி மூன்று, மூன்றும் மூவரிடம். மூவரும் ஊரில் இருந்தால்தான் திறக்க முடியும் என்பதால், தணிக்கையாளர் மூன்று நாள் முன்பே கடிதம் அனுப்ப வேண்டும் என்றொரு விதி இருந்தது. அந்த விதியை எழுதியவர் கூத்தரசரே. நாகரிகமான விதி என்று அவையில் பாராட்டும் பெற்றார்.

ஐப்பசியில் ஒரு நண்பகல், அவர் உப்பளத்துச் சுவாமியின் மடத்துக்கு வந்தார். சுவாமியைவிட அவர் ஏழு வயது மூத்தவர். ஆயினும் விழுந்து வணங்கினார். எழ வெகுநேரம் ஆயிற்று.

ஆடியில் முதல் வங்கியைத் தணிக்கை செய்தபோது, முத்திரைக்கு உருக்கிய அரக்கு கை தவறி ஒரு வெள்ளிப் பாளத்தின் மேல் சொட்டியதாகச் சொன்னார். நகத்தால் சுரண்டிப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டார். ஆவணியில் ஐந்தாவது வங்கி. அங்கே பெட்டகத்துக்குள் கையை விட்டு ஒரு பாளத்தை எடுத்தார். அதே சிவப்பு. அதே நகக்கீறல்.

இடையில் இருந்த வங்கிகளிலும் தாம் நிறுத்தது இந்த வெள்ளியைத்தான் என்பது அப்போது உறைத்தது. அவருடைய கடிதம் முன்னால் போகும். வெள்ளியை வைக்கோலால் மூடிய மூன்று மாட்டுவண்டிகள் அதன் பின்னால் போகும். எல்லோருக்கும் பின்னால் அவர் போவார். ஏழு வங்கிகளுக்கும் இருந்தது ஒரே குவியல்.

ஐந்தாவது வங்கிக்கு முத்திரை வைத்தார். புரட்டாசியில் ஆறாவதற்கும் வைத்தார். ஏழாவது, உப்பளத் தொழிலாளருக்கெல்லாம் கூலி நோட்டு வழங்கும் கீழைத்துறை வங்கி. அதற்கு நாளைக் காலை.

சுவாமி கேட்டுக்கொண்டிருந்தார்.

"வெளியே சொன்னால் இத்தனை பேர் கையில் இருப்பதும் வெறும் காகிதம் ஆகிவிடும்," என்றார் கூத்தரசர். "சொல்லாமல் இருந்தால் இன்னும் அச்சிடுவார்கள், பொய் பெருகும். இரண்டு மாதமாக எனக்கு உறக்கம் இல்லை. எது தருமம், சுவாமி?"

அப்போது சடைச்சி விறகுக்கட்டோடு வந்தாள். உப்பளத்தில் வேலை செய்பவள். மாதம் ஒருமுறை மடத்துக்கு விறகு போடுவாள். மலையடிவார வடிவத்தில் அவள் கொண்டுவருவது மோர். கதைக்கு அதனால் வேறுபாடு இல்லை.

சுவாமி கூத்தரசரைப் பார்த்தார். "இன்று விறகுக்கான காசை நீரே கொடுத்துவிடும்."

கூத்தரசர் மடியை அவிழ்த்து ஒரு வெள்ளிக்காசு எடுத்துக் கொடுத்தார்.

சடைச்சி அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "வெள்ளியா? இதை நான் கண்ணுல பார்த்து ரெண்டு வருசம் இருக்குமே, சாமி. எங்களுக்கெல்லாம் கங்காணி நோட்டாத்தான் நீட்டுறாரு."

விறகின் விலை அதில் நாலில் ஒன்றுகூட இல்லை. அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். வியர்வையிலும் உப்பிலும் ஊறித் துணிபோல் ஆகிவிட்ட கீழைத்துறை நோட்டுகள். மகளுக்குத் தையில் கல்யாணம் வைத்திருப்பதாகவும், வீட்டில் ஒரு பானை நிறைய இப்படிச் சேர்த்திருப்பதாகவும் சொல்லிக்கொண்டே எண்ணி, மூன்றை நீட்டினாள்.

கூத்தரசர் கையை இழுத்துக்கொண்டார். "மீதி வேண்டாம். நீயே வைத்துக்கொள்."

"எதுக்குங்க? சும்மா வாங்க மாட்டேன்."

"கல்யாணத்துக்கு என்று வைத்துக்கொள், அம்மா."

அவள் சிரித்தாள். "பெரிய மனுசங்களுக்கு மூணு காகிதம் சுமக்கக்கூட கனமா இருக்கும்போல. மகராசனா இருங்க."

விறகை அடுக்கிவிட்டுப் போனாள். அவள் வேலிப்படலைத் தாண்டியதும் சுவாமி கேட்டார்.

"மீதியை ஏன் வாங்கவில்லை?"

"ஏழை. தானமாக இருக்கட்டும் என்றுதான்."

"அவள் தானம் கேட்கவில்லையே."

கூத்தரசர் அவிழ்த்த மடியை முடிந்துகொண்டார்.

"உம் வீட்டில் நோட்டு எவ்வளவு இருக்கிறது?"

"இல்லை, சுவாமி."

"எப்போதிலிருந்து?"

"ஆவணியிலிருந்து."

"வெள்ளியாக மாற்றிக்கொடுத்தது யார்?"

"என் மைத்துனர். ஏழு வங்கிக்கும் அவரே போய் வந்தார். காரணம் எதுவும் நான் சொல்லவில்லை. மாற்றி வையுங்கள் என்று மட்டும்தான் சொன்னேன்."

"அவர் தம்முடைய நோட்டுகளை என்ன செய்தார்?"

"அவரும் மாற்றிவிட்டார். அவருடைய சம்பந்தி வீட்டாரும் மாற்றினார்கள் என்று கேள்வி."

"உறக்கம் இல்லை என்றீரே. மாற்றுவதற்கு முன்பா, பின்பா?"

வெயில் முற்றத்தைப் பாதி கடந்திருந்தது. சடைச்சி அடுக்கிய விறகிலிருந்து ஒரு கட்டை உருண்டு விழுந்தது; எடுத்து வைக்க இருவரும் எழவில்லை.

பிறகு கூத்தரசர் நெருங்கி உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். மடத்துக்கு அன்னதானத்துக்கென்று வந்த பணம் நோட்டாக இருக்குமானால் இன்று மாலைக்குள் மாற்றிவிடுவது நல்லது என்றார். தாமே கொண்டுபோய் மாற்றித் தருவதாகவும், தணிக்கையாளரிடம் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்றும் சொன்னார்.

"எனக்கும் உமக்கும் இதுவரை உறவுமுறை எதுவும் இல்லை," என்றார் சுவாமி. "இன்று என்னை உம் மைத்துனர் ஆக்கப் பார்க்கிறீர்."

கூத்தரசருக்குக் கண் கலங்கியது. தாம் கேட்ட கேள்விக்கு விடை தரும்படி மன்றாடினார். நாளை முத்திரை வைப்பதா, வாசலில் நின்று உண்மையைச் சொல்வதா? எதைச் சொன்னாலும் செய்வதாகச் சொன்னார். பதவி போனாலும் போகட்டும், சிறை என்றாலும் சரி என்றார். பொய்யாகச் சொன்னதாகத் தெரியவில்லை.

"வாசலில் நின்று சொல்லும்," என்றார் சுவாமி. "சொன்னதும் ஊரே நோட்டோடு ஓடிவரும். வரிசை நிற்கும். அந்தப் பெண்ணும் பானையோடு நிற்பாள். இருக்கிற வெள்ளி முதலில் நிற்கிற சிலருக்குத்தான் போதும். நீர் எல்லோருக்கும் கடைசியில், உம் நோட்டோடு நில்லும்."

"என்னிடம்தான் நோட்டு இல்லையே, சுவாமி."

"அதனால்தான் எது தருமம் என்று கேட்க உமக்குப் பொழுது இருக்கிறது."