நீல நாரையும் நீலமாப் போன ராசாவும்

ஒரு ஊர்ல பெரிய கண்மாய் ஒண்ணு இருந்துச்சாம். கண்மாய்க்குள்ள கருவேல மரம், மரம் பூரா வெள்ளை வெளேர்னு நாரைங்க. அந்தக் கண்மாயில வாத்து மேய்ச்சுப் பொழைச்சவதான் ஒச்சம்மா. அவளுக்கு வேற நாதி கெடையாது, நாரைக்குஞ்சு கத்துற சத்தம் காதுல விழுந்தாத்தான் சோறே எறங்கும். கேக்குறீங்களா? ம் கொட்டுங்க.

அந்த ஊரு ராசா ஒரு கலர்ப் பைத்தியம். காலையில நீல வேட்டி, மத்தியானம் செவப்பு வேட்டி, சாயங்காலம் பச்சை வேட்டி. அதுக்குன்னே அரண்மனைக்குப் பின்னால சாயத்தொட்டி கட்டி, மிஞ்சுன சாயத்தையெல்லாம் வாய்க்கா வெட்டி நேராக் கண்மாயில விட்டுட்டாரு. அதுல நீலந்தான் ரொம்ப.

அப்புறம் என்னாச்சு, ஒச்சம்மாவோட வாத்தெல்லாம் நீலமாத் திரும்பி வந்துச்சு. ஓடுனா. "ராசா, ராசா, வாத்தெல்லாம் நீலமாயிருச்சு!" "அழகாத்தானே இருக்கு, போ"ன்னாரு.

அப்புறம் மீனெல்லாம் மல்லாந்து மெதந்துச்சு. திரும்ப ஓடுனா. "ராசா, ராசா, மீனெல்லாம் செத்து மெதக்குது!" "வலை வீசாமலே அள்ளிக்கலாமே, போ"ன்னாரு.

அப்புறம் நாரையும் நீலமாயிருச்சு. எங்கெங்கயோ போயி இரை தேடிக்கிட்டுத் தாய் நாரை கூட்டுல வந்து எறங்குது, குஞ்சு என்னடான்னா பயந்து மூலையில ஒடுங்குது, வாயத் தொறக்கவே மாட்டேங்குது! அந்தத் தாயி கூட்டையே சுத்திச் சுத்தி வருது. ஒச்சம்மா மறுபடியும் ஓடுனா. "ராசா, ராசா, ஆத்தாளத் தெரியாமக் குஞ்செல்லாம் பட்டினி கெடக்குது!"

ராசா விழுந்து விழுந்து சிரிச்சாரு. "றெக்கை கலர் மாறுனா பெத்தவளத் தெரியாமப் போயிருமாக்கும்?"

ஒச்சம்மாவுக்கு வந்துச்சே கோவம்! "அப்படின்னா நீங்க ஒரு முங்கு முங்கிட்டு வீட்டுக்குப் போயிப் பாருங்களேன்!"

"இதென்ன பெரிய விசயம்"னு ராசா தனியாப் போயிக் கண்மாயில முங்குனாரு. எந்திரிச்சா தலை நீலம், மீசை நீலம், தொப்புளும் நீலம்! சிரிக்காதீங்க, கேளுங்க.

அரண்மனை வாசல்ல காவக்காரன் ஈட்டிய நீட்டிட்டான். "யார்ரா நீ?"

"டேய், நாந்தாண்டா ராசா!"

"எங்க ராசா மாநிறம். நீ நவ்வாப்பழமாட்டம் இருக்க, ஓடு!"

பின்வாசலுக்குப் போனாரு, அவரு வளத்த நாயே சாய நாத்தத்துல மோப்பம் தெரியாம வெரட்டுச்சு. அப்புறம் தோட்டத்துக்குள்ள புகுந்தா, அவரோட சின்ன மக விளையாடிக்கிட்டிருக்கா. பக்கத்துல இருந்த சோத்துக் கிண்ணத்துல ஒரு உருண்டைய உருட்டி, "கண்ணு, அப்பாதாண்டா, ஆ காட்டு"ன்னாரு. புள்ளை வாய இறுக்கி மூடிக்கிட்டு, செவத்தோட செவமா ஒட்டி நின்னு நடுங்குச்சு. கையில இருந்த சோத்தக் கீழ வச்சுட்டு அப்படியே திரும்பி நடந்தாரு.

கண்மாய்க்கு வந்தா, ஒச்சம்மா மரத்து மேல நிக்கிறா. கையில வெள்ளைத் துணியச் சுத்தி, வெரலக் குவிச்சு அலகாட்டம் பண்ணி, பக்கத்து ஊருக் குளத்து மீன ஊட்டுறா. குஞ்சு ஆன்னு வாயத் தொறக்குது!

"எம்மவ தொறக்கலையே ஒச்சம்மா"ன்னு ராசா தேம்பித் தேம்பி அழுதாரு.

"அழுதா ஆச்சா? மம்பட்டிய எடுங்க."

இவரு உத்தரவு போட்டா யாரு கேப்பா? அதனால தானே மண்ண வெட்டி வாய்க்கால அடைச்சாரு, உள்ளங்கையெல்லாம் கொப்புளம். யாருடா இந்த நீல ஆளு இப்படிப் பாடுபடுறான்னு ஊரே வேடிக்கை பாக்க வந்துச்சு. ஒச்சம்மா நடந்ததச் சொன்னா. ஊரு சிரிச்ச சிரிப்புல கரையே அதிர்ந்துச்சு. அப்புறம் ஆளுக்கொரு மம்பட்டி, ஆளுக்கொரு வெள்ளைத் துணி! சாயத்தண்ணிய எறைச்சுப் பொட்டக்காட்டுப் பள்ளத்துல விட்டாங்க. ராசாவும் கையில துணியச் சுத்திக்கிட்டுக் கெளை கெளையாத் தொங்கி மீன் ஊட்டுனாரு. ஒரு குஞ்சு அவரு மீசையையே மீன்னு நெனைச்சு இழுத்துச்சாம்!

அப்புறம் மழை வந்துச்சு, கண்மாய் நெறஞ்சுச்சு, நாரைக்குப் பழைய எறகு உதுந்து வெள்ளை எறகு மொளைச்சுச்சு. தாய் நாரை வந்து எறங்குச்சு, குஞ்சு எட்டி எட்டி வாயத் தொறந்துச்சு. ஒச்சம்மா கரையில நின்னு குலவை போட்டா. ராசாவும் தேச்சுத் தேச்சுக் குளிச்சு வெளுத்தாரு, மக ஓடியாந்து கழுத்தக் கட்டிக்கிட்டா. சாயத்தொட்டிய அவரே ஒடைச்சாரு. ஆனா எடது காது மட்டும் கடைசி வரைக்கும் நீலந்தான்!

அதனால தண்ணியில எதையாச்சும் கொட்டணும்னு தோணுனா, மொதல்ல காதத் தொட்டுப் பாத்துக்குங்க. நாரை கூட்டுக்குப் போச்சு, கதை கரை சேந்துச்சு, கண்ண மூடுங்க.