டீசல் கேட்ட படையெடுப்பு

மேட்டுநாட்டுக்கும் கரைநாட்டுக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் மேட்டுநாட்டுக் கச்சா எண்ணெய் குழாய் வழியே கரைநாட்டு ஆலைக்குப் போய்த்தான் டீசலாகத் திரும்பி வரும். ஒருநாள் மேட்டுநாட்டுத் தளபதி ஐம்பது டாங்கிகளோடு எல்லைக்கு வந்து, குழாயின் வால்வைப் பார்த்துக்கொள்ளும் பொன்னுரங்கத்திடம் உறுமினார்.

"இப்பவே குழாயை மூடுய்யா. நாளைக்குக் கரைநாட்டு மேல படையெடுக்கப் போறேன். மூடலைன்னா உன்னைச் சிறையில தள்ளிடுவேன்."

"மூடிடறேன் ஐயா," என்றார் பொன்னுரங்கம். "இங்க வந்து சேர்றதுக்குள்ளயே டாங்கியெல்லாம் டீசல் தீர்ந்து வறண்டு கிடக்கே, எத்தனை பீப்பாய் டீசல் வேணும்? மூடுறதுக்கு முன்னாடி கரைநாட்டு ஆலைக்கு எழுதிக் கேட்டுடறேன். விண்ணப்பத்தில 'என்ன தேவைக்கு'ன்னு ஒரு கட்டம் இருக்கு. அதில என்ன எழுதட்டும்?"

தளபதி ஐம்பது டாங்கிகளையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஊர் திரும்பறதுக்குன்னு எழுது."